எக்ஸ்ரேயில் தெரியாத தோள்வலி

நேயர்களுக்கு வணக்கம்.

அம்மாப்பேட்டையில் தறி நெய்கிறவர், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர், ஏற்காட்டில் காப்பி பறிக்கும் அம்மா. எலும்பு மருத்துவனான என்னிடம் இவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "கையைத் தூக்க முடியலை சார். எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. தோளைத் தூக்கும் தசைநாண், அதாவது நீங்கள் சொல்லும் ஜவ்வு, பாதி கிழிந்திருந்தாலும் படம் சுத்தமாகவே இருக்கும். வலியோ நிஜம். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாதவரிடம் ஒன்றுமில்லை என்பது எனக்குச் சம்மதமில்லை.

ஸ்கேன் என்றதும் கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். அதே அல்ட்ராசவுண்ட் கருவி தோளுக்கும் உதவும். விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடி முறை அதிரும் ஒலி அலை தசைநாணின் இழைகளைக் காட்டிவிடும். கதிர்வீச்சு கிடையாது. உங்களை உட்காரவைத்து, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொல்லி, மெல்லத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம். எந்த இடத்தில் தசைநாண் எலும்புக்கடியில் சிக்குகிறது என்பது அசையும்போதுதான் தெரியும்.

சிகிச்சைக்கும் இதுவே கண். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டியது தசைநாணுக்கு மேலுள்ள மெல்லிய நீர்ப்பைக்குள். தசைநாணுக்குள்ளேயே இறங்கினால் அது பலவீனமாகும். திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே போடலாம். சுண்ணாம்பு படிந்திருந்தால் உப்புநீர் செலுத்திக் கரைத்து உறிஞ்சியும் எடுக்கலாம்.

எலும்புக்குள் இருக்கும் கோளாறு இதில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். பார்ப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால், முதல் சில மாதங்கள் எக்ஸ்ரே அதிகம் உதவாது. 1980-இல் ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் அதை ஸ்கேனில் அளக்க வழி சொன்னார். வயிற்றில் தலைமேலாக இருந்து பிறந்த குழந்தைக்கும், குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை இருந்தால் அந்தக் குழந்தைக்கும் ஆறாவது வாரத்தை ஒட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்போதே தெரிந்தால் வார்ப்பட்டை போட்டே பெரும்பாலும் சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கியபின் தெரிந்தால் அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடும்.

அப்புறம், சர்க்கரை உள்ளவர்களுக்கு: தோள் இறுகுவது உங்களுக்கு அதிகம். ஸ்டீராய்டு ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி போடுமுன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வணக்கம்.