ஐடிலில் மட்டும் நடுங்கும் கார்: சென்சரை மாற்றும் முன் பார்க்க வேண்டியது

அடுத்த கேள்வி சம்மாந்துறையிலிருந்து வந்திருக்கிறது. வாசிக்கிறேன்: "அண்ணன், என்னிடம் கொரோலா 121 இருக்கிறது, 1என்இசட் எஞ்சின். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. கல்முனைச் சந்தியில் நின்றால் ஸ்டியரிங் நடுங்குகிறது, சில நேரம் நின்றும் போகிறது. செக் எஞ்சின் லைட் எரிந்தது, ஸ்கேன் செய்ததில் பி0171 என்று வந்தது. கராஜில் ஒக்சிசன் சென்சரை மாற்றினார்கள். ஒரு கிழமையில் அதே லைட் திரும்ப எரிகிறது. இனி எதை மாற்றுவது?"

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். பி0171 என்றால் கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே, எக்சோஸ்ட் புகையில் மிஞ்சும் ஒக்சிசனை அளக்கும் அந்த ஒக்சிசன் சென்சர்தான். செய்தி சொன்னவனைப் பிடித்து அடித்துவிட்டார்கள். சென்சர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கார் ஓடும்போது நன்றாக இருக்கிறது என்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரு கிலோ பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று என்ற கணக்கில்தான் எஞ்சின் எரிக்க வேண்டும். உங்கள் எஞ்சினில் எயார் பில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எயார் ஃப்ளோ சென்சர் உள்ளே போகும் காற்றை அளக்கிறது, அந்த அளவுக்குத்தான் கம்பியூட்டர் பெற்றோல் கொடுக்கிறது. அந்த சென்சருக்குப் பின்னால் எங்காவது குழாயில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். ஐடிலில், அதாவது எக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்றுக்குக் கதவான த்ரொட்டில் மூடியிருப்பதால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிபோல்டுக்குள் வெக்யூம், அதாவது உறிஞ்சும் இழுவை, மிக அதிகம். வெடிப்பு தன்னால் முடிந்த அளவு காற்றை இழுக்கும். அதே நேரம் எஞ்சினுக்குத் தேவையான காற்றோ மிகக் குறைவு, வினாடிக்கு இரண்டு கிராம் அளவில்தான். ஒரு கரண்டி உப்பு கோப்பைக் கஞ்சியில் விழுந்தால் வாயில் வைக்க முடியாது. கந்தூரிக் கிடாரத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. நீங்கள் அக்கரைப்பற்றுக்கு ஓட்டிப்போகும்போது நடப்பது அந்தக் கிடாரக் கதைதான்.

இதை உறுதிப்படுத்த, ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் பாருங்கள். கலவையைச் சரிக்கட்டக் கம்பியூட்டர் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஷோர்ட் டேர்ம், லோங் டேர்ம் என்று இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் கூட்ட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒரு முறை. ஐடிலில் கூட்டுத்தொகை 25 வீதத்தைத் தாண்டி, 2500இல் ஐந்து, ஆறுக்கு இறங்கினால் காற்றுக் கசிவு என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுக்கலாம். ஐடிலில் பரவாயில்லாமல் இருந்து, ஏற்றத்திலும் வேகத்திலும் கூடினால் அது வேறு நோய்: பெற்றோல் பம்ப், பில்டர், அழுக்குப் பிடித்த எயார் ஃப்ளோ சென்சர். உங்கள் எஞ்சினுக்குப் பெற்றோல் அழுத்தம் 44 முதல் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். கேஜ் போட்டுப் பார்க்காமல் பம்ப் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எங்கே கசிகிறது? என் கை முதலில் போவது பிசிவி ஹோஸுக்கு. எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை, வால்வு மூடியிலிருந்து பிசிவி வால்வு வழியாக மேனிபோல்டுக்குக் கொண்டுபோகும் விரல் பருமனுள்ள ரப்பர் குழாய் அது. எண்ணெய் ஆவியும் நம் ஊர் வெக்கையும் சேர்ந்து அதைக் காயவைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் கறுப்பாக, நல்ல பிள்ளையாக இருக்கும். கையால் வளைத்துப் பாருங்கள். அடிப்பக்க வளைவில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்புத் திறக்கும். ஹோஸ் நன்றாக இருந்தால், ஓடும் எஞ்சினில் அதைக் குறட்டின் வாயில் துணி சுற்றி மெதுவாக நெரியுங்கள். ட்ரிம் உடனே இறங்கினால் பிசிவி வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகு, மேனிபோல்டின் வெக்யூமை வைத்து பிறேக்குக்குப் பலம் கொடுக்கும் பிறேக் பூஸ்டரின் ஹோஸ். பெடலை மிதிக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்து ஐடில் மாறினால், அல்லது பெடல் கல் மாதிரி இறுகினால், அன்றே காரை நிறுத்திவிடுங்கள். அங்கே கேள்வி எஞ்சினைப் பற்றியது அல்ல, உங்கள் உயிரைப் பற்றியது. எயார் பில்டரிலிருந்து த்ரொட்டிலுக்கு வரும் மடிப்பு ரப்பர் குழாயின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். வயலோரத்தில் கார் நிறுத்துகிறவரென்றால் இன்னொன்று: வெள்ளாமை வெட்டி முடிந்த காலத்தில் எலிகள் சூட்டுக்கு எஞ்சினுக்குள் ஏறும். மெல்லிய வெக்யூம் குழாய்களைக் கடித்துவைத்துவிட்டுப் போய்விடும், பல் அடையாளம் தெரியும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் மோசமாக இருந்து, சூடேறச் சரியாகிவிடுகிறதா? மேனிபோல்ட் காஸ்கெட்டையும், பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களையும் சந்தேகிக்கலாம். குளிரில் சுருங்கிக் கசியும், சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும்.

கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்யும், கசியும் இடத்தில் பட்டால் ஆர்பிஎம் மாறும், ஒக்சிசன் சென்சரின் வோல்ட் 0.1இலிருந்து 0.8, 0.9க்கு ஏறும். ஆனால் அது தீப்பற்றும் திரவம். சூடான சைலன்சர் பக்கம் போகக்கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், புகை விட்டுப் பார்க்கும் வசதி உள்ள கராஜில் கொடுப்பதே நல்லது. புகை எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் ஓட்டை; வாதாட்டம் இல்லை.

இரண்டு பொய்ச் சாட்சிகளும் உண்டு. ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் எக்சோஸ்ட் காஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, கலவை சரியாக இருந்தும் லீன் என்று காட்டும். பிளக் ஒன்று சரியாக எரியாவிட்டாலும் அப்படித்தான்: எரியாத ஒக்சிசன் அப்படியே சென்சரிடம் போகிறது. ஆகவே பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் பார்க்காமல் கசிவைத் தேடி அலையாதீர்கள். இன்னொன்று, எயார் ஃப்ளோ சென்சர் இல்லாமல், மேனிபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் மட்டும் உள்ள கார்களில் கசிவு இருந்தால் லீன் ஆவதைவிட ஐடில் உயர்வதையே அதிகம் பார்ப்பீர்கள். அந்தக் காரின் அனுபவத்தை வைத்து இந்தக் காருக்கு மருந்து சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

ஹோஸ் மாற்றும்போது ஹார்ட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாயை வெட்டி வாங்கி வராதீர்கள். பிசிவிக்கு எண்ணெய் தாங்கும் ரப்பர் வேண்டும். பூஸ்டருக்கு வெக்யூமில் சப்பிப்போகாத ஹோஸ் வேண்டும். ஐடிலைக் கூட்ட த்ரொட்டிலின் நிறுத்து ஸ்குருவைத் திருகவும் விடாதீர்கள், அது நோயை மறைக்கும் வேலை.

எஞ்சின் பிடித்துப்போகுமா என்று பயப்பட வேண்டாம். ஐடிலில் மட்டும் லீன் என்றால் பிஸ்டன் உருகாது. ஆனால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரால் பி0171 பதிவையும் ட்ரிம் நினைவையும் அழித்துவிட்டு, அம்பாறை வரை ஒரு சுற்றுப் போய்வந்து, திரும்ப அதே இரண்டு எண்களைப் பாருங்கள். ஐடிலில் பத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள் நிற்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போனால் கார்பன் மொனொக்சைட்டில் தப்பி, ஹைட்ரோகார்பனில், அதாவது புகையில் வரும் எரியாத பெற்றோலில், மாட்டிக்கொள்ளக்கூடும்.