வலிக்காத புண்

நேயர்களுக்கு வணக்கம். பிறப்புறுப்பில் புண் வந்து வலித்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். வலிக்காத புண்ணைத்தான் விட்டுவிடுகிறார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் தப்பித்துக்கொள்வது அங்கேதான்.

கிருமி தொற்றி ஏறக்குறைய 3 வாரத்தில், சிலருக்கு 90 நாள் வரை கழித்தும், அது நுழைந்த இடத்தில் புண் வரும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. வட்டமாக, சீழ் இல்லாமல் சுத்தமாக இருக்கும். கையுறை போட்ட விரலால் மருத்துவர் அழுத்திப் பார்த்தால், துணிக்கடியில் சட்டைப் பொத்தான் தட்டுப்படுவதுபோல் கெட்டியாக இருக்கும். தொடை இடுக்கில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. கருப்பை வாயிலோ ஆசனவாய்க்குள்ளோ வந்தால் கண்ணுக்கே தெரியாது. 3 முதல் 6 வாரத்தில் மருந்தில்லாமலே ஆறிவிடும். களிம்பு தடவியவர், பாவம், களிம்பைப் புகழ்வார். கிருமியோ அதற்குள் ரத்தத்தில் பரவியிருக்கும்.

அடுத்த சில வாரங்களில் உடம்பிலும், குறிப்பாக உள்ளங்கை, உள்ளங்காலிலும் செம்பழுப்புத் தடிப்புகள் வரலாம். பெரும்பாலும் அரிக்காது. ஒவ்வாமை என்று மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அதுவும் தானாக மறைந்துவிடும்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. புண் வந்த புதிதில், சிபிலிஸுக்கு வழக்கமாகச் செய்யும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை நெகட்டிவ் என்று வரலாம். சந்தேகம் இருந்தால் 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை அப்படியல்ல, குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே வரும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று பதற வேண்டாம். வி.டி.ஆர்.எல். அளவு 1:32-லிருந்து 1:8-க்கு, அதாவது கால் பங்காக, இறங்குகிறதா என்பதே கணக்கு.

மருந்து பென்சத்தீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட். இரண்டு புட்டத்திலும் 12 லட்சமாகப் பிரித்து ஊசி போடுவார்கள். இந்தக் கிருமி ஒருமுறை பெருக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெருகும்போதுதான் பெனிசிலின் அதைக் கொல்லும். அதனால்தான் தசையிலிருந்து மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும் ஊசி. தொற்று ஓராண்டுக்குள் என்றால் ஒரு தடவை போதும். அதற்கு மேல், அல்லது எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டால், வாரம் ஒன்றாக 3 தடவை. மூளை, கண், காது பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சை வேறு.

ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் குளிரும் காய்ச்சலும் வரலாம். மடியும் கிருமிகளால் வருவது அது. பொதுவாக ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் அது ஒவ்வாமை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிக்குப் பெனிசிலினைத் தவிர நம்பத்தக்க மாற்று இல்லை. முந்தைய 90 நாளில் உறவு கொண்ட துணைக்கு, பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் ஊசி போட்டுவிடுவது வழக்கம். அந்த நெகட்டிவ், முன்பு சொன்ன புதுப்புண் நெகட்டிவாக இருக்கலாம்.