மித்ராஸின் நிலவறைப் பந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

தனக்கென்று ஒரு வேதநூல்கூட விட்டுப்போகாத ஒரு மதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மித்ராஸ் வழிபாடு. ரோமப் பேரரசில் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டி, ஏறக்குறைய 300 ஆண்டுகள் இருந்து மறைந்தது. பிரிட்டனின் வடக்கு எல்லையிலிருந்து சிரியா வரை அதற்குக் கோயில்கள் இருந்தன. கோயில், சாப்பாடு, அடியார்களின் ஏழு படிநிலை என்று மூன்று விஷயங்களைச் சொல்ல எண்ணம்.

ரிக்வேதத்து மித்திரனும் பழைய ஈரானியரின் மித்ராவும் ஒரே வேரில் வந்த தெய்வங்கள். பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நான் சொல்லும் இந்த நிலவறைக் கோயில் ஒன்றுகூட ஈரானில் கிடைத்ததில்லை. இது ரோமானியர் மண்ணில் உருவான வழிபாடு. படைவீரர்கள், சுங்க அலுவலர்கள், வணிகர்கள், அடிமைகள் என்று பலரும் சேர்ந்தார்கள். பெண்களுக்கு மட்டும் இடமில்லை. உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது. அவர்களும் பேசவில்லை. ஜஸ்டின், தெர்த்துல்லியன் போன்ற கிறிஸ்தவ எழுத்தாளர்கள் கண்டித்து எழுதிய சில வரிகள் உண்டு. மற்றபடி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் மண்ணைத் தோண்டித் தெரிந்துகொண்டதுதான். எங்கே பேசப் போனாலும் இதைத்தான் சொல்வேன்: இந்த மதத்தைப் பற்றி அதன் தரையைக் கேளுங்கள்.

மித்ராஸ் பாறையிலிருந்து பிறந்தவன், குகைக்குள் காளையைக் கொன்றவன் என்பது நம்பிக்கை. அதனால் கோயிலும் குகைபோலவே இருக்கும். ஜன்னல் கிடையாது. பெரும்பாலும் முப்பது, நாற்பது பேர் கொள்ளும் இடம்தான். நடுவில் நடைபாதை, இரு பக்கமும் அகலமான திண்ணை. அதில் ஒருக்களித்துச் சாய்ந்து, எதிரெதிராக முகம் பார்த்துச் சாப்பிடுவார்கள். கல்யாணப் பந்தியில் எதிர்வரிசை பார்த்து உட்காருவோமே, அதைக் கொஞ்சம் படுத்த நிலையில் நினைத்துக்கொள்ளுங்கள். பாதை முடியும் சுவரில் அந்தச் சிற்பம். மித்ராஸ் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றிக் கத்தியைப் பாய்ச்சுகிறான். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருக்கிறான். நாயும் பாம்பும் குருதியை நோக்கிப் பாய்கின்றன, தேள் காளையின் விதையைக் கவ்வுகிறது, காளையின் வால்நுனியிலோ கோதுமைக் கதிர் முளைக்கிறது.

சிற்பத்தில் காளை இருப்பதால் கோயிலுக்குள்ளும் காளை வெட்டினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் குறுகிய நடையில் காளையை நிறுத்தவே இடம் போதாது! தரையில் கிடைப்பது கோழி எலும்பு, பன்றி எலும்பு. பெல்ஜியத்தின் தீனன் என்ற ஊரில் கோயிலையொட்டி மூன்றாம் நூற்றாண்டுக் குழி ஒன்றைத் தோண்டினார்கள். ஒரே விருந்தின் மிச்சம் அதில் மொத்தமாகக் கிடந்தது. உடைந்த பாத்திரங்கள், ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, இருநூறுக்கும் மேற்பட்ட கோழிகள், அதிலும் பெரும்பாலும் சேவல்கள். குட்டிகளின் வயதை வைத்து விருந்து நடந்தது ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் என்று கணித்தார்கள். அந்தச் சிறிய கோயிலில் அடங்காத கூட்டம் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. ரகசிய மதம் என்கிறோம், ஆனால் ஊருக்கே தெரிய விருந்து வைத்திருக்கிறார்கள்!

லண்டன் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. குண்டுவீச்சில் அழிந்த வால்புரூக் பகுதியில் பெரிய கட்டடம் எழும்ப இருந்தது. அதற்குமுன் கிரைம்ஸ் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே அகழ்ந்துகொண்டிருந்தார். 1954 செப்டம்பர் 18, சனிக்கிழமை. வேலையை முடித்துக்கொள்ள வேண்டிய நாள். அன்றைக்குத்தான் மண்ணிலிருந்து சலவைக்கல் தலை ஒன்று வந்தது. இத்தாலியின் கராராவில் எடுத்த கல். முன்பக்கம் மடிந்து விழும் தொப்பி, இளமையான முகம். மித்ராஸ்! பத்திரிகையில் படம் வந்ததும் லண்டன் திரண்டது. வரிசை தெருத்தெருவாக நீண்டது. இரண்டு வாரத்தில் நான்கு லட்சம் பேர் வந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. சர்ச்சிலின் அமைச்சரவை கூடி இதைப் பேசியது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் இடிபாடு தீராத ஊர், நேயர்களே. அந்த ஜனம் சேறு மிதித்து, கால்கடுக்க நின்று, பழைய சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

பிறகு செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கற்களைப் பெயர்த்து, 1962இல் கொஞ்சம் தள்ளி, வாகனம் நிறுத்தும் இடத்தின் கூரைமேல் வெட்டவெளியில் அடுக்கினார்கள். இருட்டுக்காகவே கட்டிய கோயில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது! இப்படி அடுக்கியதில் அர்த்தமே இல்லை என்று கிரைம்ஸே சொன்னார். கல் மட்டும் கோயிலாகிவிடாது. இருட்டு, தாழ்ந்த தரை, படியிறங்கி உள்ளே போவது, எல்லாம் சேர்ந்ததுதான் கோயில். நல்லவேளை, 2017இல் அதைக் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, தெருவுக்கு 7 மீட்டர் கீழே, இருட்டுக்குள் அமைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. லண்டனில் உறவுக்காரர்கள் இருந்தால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இருட்டை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு பிரிட்டனின் வடக்கே ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரோரத்தில், கரோபர்க் என்ற இடத்துக் கோயில் சாட்சி. பலிபீடம் ஒன்றில் சூரியக்கிரீடம் அணிந்த மித்ராஸ். கதிர்கள் கல்லில் துளைகளாகவே குடையப்பட்டிருக்கின்றன. பின்னால் குடைந்த மாடத்தில் விளக்கு வைத்தால் கதிர்கள் ஒளிவிடும். அதை நிறுவியவர் எல்லைக்காவல் படையின் தளபதி ஒருவர்.

நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஏழு படிநிலைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். காக்கை, மணமகன், வீரன், சிங்கம், பாரசீகன், சூரியத்தூதன், தந்தை. இத்தாலியின் ஓஸ்தியாவில் ஒரு கோயில் தரையில் இந்த வரிசை அப்படியே மொசைக்காகப் பதிக்கப்பட்டிருக்கிறது. டிசம்பர் 25 மித்ராஸின் பிறந்தநாள் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பழைய ஆதாரம் கிடையாது. கி.பி. 354ஆம் ஆண்டு ரோமானிய நாட்காட்டி அந்த நாளை ‘வெல்ல முடியாத சூரியன்’ என்ற தெய்வத்துக்குத்தான் குறித்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் இந்தக் கோயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில இடிக்கப்பட்டன, சில அப்படியே கைவிடப்பட்டன. ரோமில் சான் கிளமெந்தே தேவாலயத்துக்கு அடியில் ஒன்று இன்னும் இருக்கிறது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.