மருந்து முதலில், சொல்வது பிறகு

அவையோருக்கு என் வணக்கம்.

எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறியும் பரிசோதனை 1985இல் புழக்கத்துக்கு வந்தபோது, முடிவைக் கையில் வாங்கியவர் முதலில் கேட்டிருக்கக்கூடியது "இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன்?" என்பதுதான். இன்று ஆலோசனை அறையில் பெரும்பாலும் முதலில் வருகிற கேள்வி வேறு: "இது வேறு யாருக்காவது தெரிந்துவிடுமா?" உயிரைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே பெயரைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சிலர் வியப்பதுண்டு, எனக்கு அதில் வியப்பில்லை. நோயைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது என்பது அவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. மற்றவர்களின் வாயைக் கட்டுப்படுத்த எந்த மருந்தும் இல்லை என்பதும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அச்சம் ஒருவரை மருந்திடம் போகவிடாமல் தடுக்கும்போது, அதோடு வாதாட வேண்டியிருக்கிறது. அந்த வாதத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் மருந்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1996இல் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததிலிருந்து எச்.ஐ.வி.யின் போக்கே மாறியது. அதன் பிறகும் பல ஆண்டுகள், உடலின் நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்னும் இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்துதான் மருந்து தொடங்கினார்கள். காத்திருப்பது தீங்கு என்பதை ஆய்வுகள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியதால், தொற்று உறுதியான எவருக்கும் அந்த எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சிகிச்சை தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. இன்று பலருக்கு அது நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காக உட்கொண்டால் ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலோரின் இரத்தத்தில் வைரஸ், பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக இணையருக்குத் தொற்று பரவுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் இணையர்களைப் பின்தொடர்ந்து நடத்தப்பட்ட பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்ட முடிவு 2019இல் வெளியானது. ஒருவருக்குத் தொற்றிருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் இணையர்கள் ஆணுறையின்றி ஏறத்தாழ 76,000 முறை உறவுகொண்டிருந்தும், மருந்தால் வைரஸ் அடங்கியிருந்தவரிடமிருந்து இணையருக்கு ஒருமுறைகூடத் தொற்று போகவில்லை. ஆண், பெண் இணையர்களிடமும் அதே முடிவுதான் 2016இல் வந்திருந்தது. தாய்ப்பாலுக்கும் ஊசி பகிர்தலுக்கும் இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அவற்றை மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

அந்தரங்கத்தைப் பற்றிய பேச்சில் இந்த மருத்துவக் கணக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மருந்து வாங்கப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். மருந்தில்லாத உடம்பு சில ஆண்டுகளில் மெலிகிறது, காசநோய் வருகிறது, வாய்ப்புண் ஆறாமல் நிற்கிறது, மருத்துவமனையில் படுக்க நேர்கிறது. அப்போது தேடிவரும் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியதாகிறது. எதை மறைக்க மருந்தைத் தவிர்த்தாரோ, அதை உடம்பே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. ஒழுங்காக மருந்து உட்கொள்பவரைப் பார்த்து அவருக்குத் தொற்று இருக்கிறது என்று எவராலும் சொல்லிவிட முடியாது. அந்தரங்கத்துக்கு மருந்தைவிட நல்ல காவல் கிடையாது.

நடைமுறையில் இது எவ்வளவு சிரமம் என்பதை நான் அறியாமல் பேசவில்லை. மருந்துப் புட்டியின் மேலுள்ள பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பைக்குள் மாத்திரைகள் குலுங்கும் ஓசை கேட்டு யாராவது என்னவென்று கேட்டுவிடுவார்களோ என்று புட்டிக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு பயணம் செய்த ஒரு பெண், அந்தப் பஞ்சை என்னிடம் எடுத்துக் காட்டினார். சத்து மாத்திரை டப்பாவில் இதையும் போட்டு வைப்பவர்கள் நிறைய. இவற்றைக் கண்டு நாம் கடிந்துகொள்ளக் கூடாது. பாதுகாப்பாகச் செய்ய உதவ வேண்டும். சில மருந்துகள் ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு அவற்றின் சொந்தப் புட்டியிலேயே இருக்க வேண்டும். வேறு டப்பாவுக்கு மாற்றலாமா என்று மருந்தாளுநரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிர் என்னும் மருந்து உடம்பில் சேர்வதை இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் நெஞ்செரிச்சலுக்கான சில அமில எதிர்ப்பு மருந்துகளும் குறைத்துவிடும். எனவே சத்து மாத்திரைகளோடு கலந்து மறைத்து வைப்பவர், அவற்றை ஒரே வேளையில் விழுங்கிவிடாமல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையும் கேட்டறிய வேண்டும். வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று அடிக்கடி வேளை தவறினால், வைரஸ் அந்த மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடக்கூடும். ஆகவே எவர் கண்ணிலும் படாத ஒரு நேரத்தை ஆலோசகரோடு சேர்ந்து முதலிலேயே தேர்ந்துகொள்வது நல்லது. அது விடியற்காலையாக இருந்தாலும் சரி, பணியிடத்தின் இடைவேளையாக இருந்தாலும் சரி.

தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. விம்பிள்டன் வென்ற டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், இதய அறுவைச் சிகிச்சையில் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்கு ஆளானவர். 1988 முதல் தம் நிலையை அறிந்திருந்த அவர், அதை நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லி அமைதியாக வாழ்ந்துவந்தார். 1992 ஏப்ரலில் ஒரு நாளிதழ் அதை வெளியிடவிருக்கிறது என்று தெரிந்ததும், வேறு வழியின்றித் தாமே செய்தியாளர்கள் முன் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் ஓராண்டுகூட அவர் உயிரோடு இல்லை. சிங்கப்பூரில் 14,200 பேரின் எச்.ஐ.வி. பதிவுகள் கசிந்துவிட்டன என்று 2019 ஜனவரியில் அந்நாட்டு அரசே அறிவித்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று 2017இல் ஏறத்தாழ 12,000 பேருக்கு அனுப்பிய கடிதங்களில், முகவரி தெரிவதற்காக உறையில் விடப்பட்ட கண்ணாடித்தாள் திறப்பின் வழியே எச்.ஐ.வி. மருந்து பற்றிய வரியும் தெரிந்தது. அங்கே எவரும் திட்டமிட்டுக் கேடு செய்யவில்லை. தபாலை எடுத்துத் தருகிற பக்கத்து வீட்டுக்காரர் அந்த வரியைப் படிப்பார் என்று எவரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பல கசிவுகள் இப்படிப்பட்ட அசட்டையால் நேர்பவை.

வைரஸ் அடையாளம் காணப்பட்ட 1983ஆம் ஆண்டிலேயே, எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தங்கள் மருத்துவப் பதிவுகள் இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பதை அவர்கள் அதில் உரிமையாகக் கோரினார்கள். சாவு கண்ணுக்கு எதிரே நின்ற நாளில் அதைக் கேட்டார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி, யாருக்குச் சொல்வது? தொற்று அண்மையில் உறுதியானவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள், முதல் சில வாரங்களில் அவசரப்படாதீர்கள் என்பதே. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. துயரம் தாங்காமல் இரவோடு இரவாகப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டு, அவர்களில் இருவரை எண்ணி மாதக்கணக்கில் தூங்காமல் இருப்பவர்கள் உண்டு. ஒருவருக்கும் சொல்லாமல் தனியே புழுங்குவதும் நல்லதல்ல. நம்பகமான ஒருவர் போதும். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாவிட்டால், எச்.ஐ.வி. பற்றிய ஏதேனும் ஒரு செய்தியைப் பொதுவாக அவரிடம் பேசிப் பாருங்கள். அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

இணையரின் நிலை வேறு. அவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் அவருக்குத் தெரிவிப்பது அவருடைய உயிர் சார்ந்த செய்தி. அண்மையில் தொற்று அபாயம் நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் அவருக்குத் தடுப்பு மருந்து தொடங்கவும் வழியுண்டு. நேரில் சொல்ல இயலாதவர்களுக்காக, சுகாதாரப் பணியாளரே பெயரைச் சொல்லாமல் இணையரைப் பரிசோதனைக்கு அழைக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. சொன்னால் அடி விழும் என்ற நிலையில் இருப்பவர், தம் பாதுகாப்பை உறுதிசெய்துகொண்ட பிறகே பேச வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. தெரிவிக்காமலிருப்பதைக் குற்றமாகக் கருதும் சட்டங்களும் சில நாடுகளில் இருப்பதால், உங்கள் நாட்டு நிலையை ஆலோசகரிடம் கேட்டறியுங்கள். சிகிச்சை தரும் மருத்துவர்களுக்குச் சொல்வது உங்கள் நன்மைக்காக. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் எச்.ஐ.வி. மருந்தின் அளவையே மாற்றவேண்டியதாக்கும். முதலாளிக்கோ சக பணியாளருக்கோ சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் வகுத்த பரிந்துரையின் நிலைப்பாடு.

கைப்பேசியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் அனைவரும் திறக்கும் மின்னஞ்சலுக்கு ஆய்வகம் அறிக்கை அனுப்பிவிடலாம்; பூட்டிய திரையின் மேலேயே மருத்துவமனையின் குறுஞ்செய்தி வந்து நிற்கலாம். எந்த எண்ணுக்கு, எந்தப் பெயரில், என்ன வாசகத்தோடு தொடர்புகொள்ளலாம் என்று முதல் நாளே பதிவு மேசையில் கேட்டுச் சொல்லிவிடலாம். அப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இங்கே வந்திருக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு சொல். எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறை அணிவதுதான் உங்கள் பயிற்சி. அந்தப் பயிற்சியை எல்லோரிடமும் கடைப்பிடிப்பவருக்கு, ஒருவருடைய கோப்பில் மட்டும் சிவப்பு மையால் குறியிடும் தேவை ஏது? படுக்கையின் தலைமாட்டில் தொங்கும் தாளில் அந்த மூன்றெழுத்து எதற்கு? அது தொற்றைத் தடுப்பதில்லை. அந்தப் பக்கமாக நடந்துபோகிற எல்லோருக்கும் ஒரு செய்தியைத் தருகிறது. கூடம் நிறைய ஆட்கள் அமர்ந்திருக்கையில் சிகிச்சைப் பிரிவின் பெயரைச் சொல்லி ஒருவரை உரக்க அழைப்பதும் அப்படித்தான்.

என்றாவது ஒருநாள் உங்களை நம்பி ஒருவர் இதைச் சொல்லக்கூடும். அப்போது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அவர் கேட்டாலன்றி வைத்தியமும் சொல்லாதீர்கள். "வேறு யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், யார் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்பது உங்களுக்கு அதனால் தெரியும். அவர்மேல் உள்ள அக்கறையினாலேயே இன்னொருவரிடம் சொல்லத் தோன்றினாலும், முதலில் அவரிடமே போய் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.