கைரேகை ஏறாவிட்டால் என்ன, முகம் இருக்கிறதே! | பொன்மலைத் திண்ணையிலிருந்து

வணக்கம், எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குத் தோட்டமும் இல்லை, சைக்கிளும் இல்லை. பூசணிக்கொடி என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு அடுத்த வாரம் காட்டுகிறேன். இன்றைக்கு வேறு ஒரு விஷயம் பேசியே ஆக வேண்டும்.

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். உயிர்வாழ் சான்றிதழ். முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். போன திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்று சொல்ல மாட்டேன். கருவியில் கட்டைவிரலை வைத்தேன், ஏறவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் ஏறவில்லை. பத்து விரலையும் பார்த்தாகிவிட்டது. 36 வருஷம் ஷாப்பில், அதாவது பொன்மலை ரயில்வே பணிமனையில், அரம் பிடித்த கை இது. வயதானாலே ரேகை மங்கும், எனக்கு இரட்டிப்பாகத் தேய்ந்திருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்த தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "தாத்தா, வீட்ல பசங்க இருந்தா வரச் சொல்லுங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

தாத்தா என்றதில் வருத்தமில்லை. புரியாது என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி என்ஜினை இதே பொன்மலையில் புதிதாகக் கட்டியபோது நானும் அதில் வேலை பார்த்தவன். பழைய வீடியோவில் சொல்லியிருக்கிறேன். இந்தச் செல்போனா எனக்குப் புரியாது?

வெளியே வந்தால் ஒரு நெட் சென்டரில் 150 ரூபாய் கேட்டார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார், அதற்கு 70 ரூபாய். அது நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொண்டுவரும் கருவியிலும் விரல்தானே வைக்க வேண்டும் என்ற பயம். அப்புறம்தான் விசாரித்தேன். முகத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. நம் போனிலேயே செய்யலாம், ஒரு பைசா கிடையாது. இத்தனை வருஷம் இது தெரியாமல் வரிசையில் நின்றிருக்கிறேன்!

இரண்டு செயலிகள் வேண்டும். ஜீவன் பிரமாண் ஒன்று, ஆதார் ஃபேஸ் ஆர்டி இன்னொன்று. இரண்டாவது திரையில் தனியாகத் தெரியாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும். காணோமே என்று மறுபடி மறுபடி இறக்காதீர்கள். முகம் வட்டத்துக்குள் வர வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். என் கை லேசாக ஆடும், அதனால் நாலு தடவை ஏற்கவில்லை. ஒரு ஸ்டாண்டு வாங்கினேன். இதோ, பாருங்கள். சிங்காரத்தோப்பில் 350 சொன்னார்கள். அடுத்த கடையில் 300. திரும்பி முதல் கடைக்கே வந்து, ரப்பர் பிடி தளர்ந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டி, 220க்கு முடித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பிடியை நானே இறுக்கிவிட்டேன். அசையவே அசையாது. அருமையான சாமான்.

அப்புறம் வெளிச்சம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும். அதனால்தான் நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். வேப்பமர வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது, ஒரே சிமிட்டலில் முடிந்தது. குறுஞ்செய்தியில் சான்றிதழ் எண் வந்ததும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டாம் காபி போட்டுக் கொடுத்தாள். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு காபிதான் என்று உங்களுக்கே தெரியும்!

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. முதலில் ஆபரேட்டர் என்று ஒருவர் தன் முகத்தைப் பதிய வேண்டும். ஆதார் உள்ள யாரும் ஆபரேட்டர் ஆகலாம். அவர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் செய்து கொடுக்கலாம். இதைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. எங்கள் தெருவில் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

முதலில் கோடிவீட்டு அண்ணன், 84 வயது. எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அது அவருக்கு யாரும் சொல்லவில்லை. காது மந்தம், அதனால் வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். "அண்ணே, கண்ணைச் சிமிட்டுங்க" என்று கத்தினேன். அவர் சிமிட்டிய சிமிட்டில் தெருவே கூடிவிட்டது. வேலை முடிந்தும் அவர் போகவில்லை. ஷாப்பின் ஆர்மரி கேட் பக்கம் சங்கு ஊதும்போது நாங்கள் ஓடிய கதையெல்லாம் பேசி, இருட்டிய பிறகுதான் எழுந்தார். மறுநாள் காலையில் அவரே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து, "இன்னிக்கு யாருக்கு?" என்று கேட்டார். வருகிறவர்களின் பி.பி.ஓ. எண்ணை, அதாவது பென்ஷன் ஆணை எண்ணை, சத்தமாகப் படித்துச் சொல்வது இப்போது அவர் வேலை. எண்ணில் ஒரு தப்பு வந்ததில்லை.

மூன்றாவது வீட்டு அக்கா குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர். படிவத்தில் மறுமணம் செய்துகொண்டீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. வாசித்தேன். 78 வயது அக்கா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை பார்த்துட்டுச் சொல்றேன், இப்போதைக்கு இல்லைன்னு போடு" என்றார். இப்படி அவர் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

நாலு நாளில் 11 பேர். காசு வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். ஒரு அம்மா முருங்கைக்கீரை கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டேன். ஆனால் கவனம்: சான்றிதழுக்கு என்று சொல்லிப் போனில் யாராவது ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். நவம்பரில் இந்த ஏமாற்று அதிகம். நான்கூட எண் எழுதிய தாளை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

என் மகன் போனில், "எதுக்குப்பா இவ்வளவு சிரமம், நான் ஆள் அனுப்பறேனே" என்றான். அன்பில்தான் சொன்னான். வேண்டாம் என்றேன். ஒருவர் நம்மைத் தேடி வந்து, "இதைக் கொஞ்சம் செய்து கொடுங்கள்" என்று கேட்பது எனக்கு 2013-இல் ஓய்வு பெற்றதோடு நின்றுபோயிருந்தது. திரும்ப வந்திருக்கிறது, விட மாட்டேன்.

ஆங், பன்னிரண்டாவது சான்றிதழை நான் செய்யவில்லை. இன்று காலையில் அந்த மூன்றாவது வீட்டு அக்கா, "ஸ்டாண்டைக் கொடு தம்பி" என்று வாங்கிக்கொண்டு போனார். பேத்தியின் போனில் ஆபரேட்டராகத் தன் முகத்தைப் பதிந்து, நாத்தனாருக்கு அவரே முடித்துவிட்டார். ஸ்டாண்டு இன்னும் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு வீடியோ கொஞ்சம் ஆடுகிறது.