பீரங்கிக்கு ஒதுக்கிய மணல்

நேயர்களுக்கு வணக்கம். நான் மொரிஷியஸ்காரன். தீவின் மேற்குக் கரையில் ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் வளர்ந்தவன். வீட்டில் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் தீவு மொழி. தமிழ் பள்ளியிலும் கோயிலிலும் கற்றது. உச்சரிப்பில் பிரெஞ்சு வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவு என்றாலே 'பல இனங்களின் ஒற்றுமை' என்று புகழ ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல்கள், போஜ்புரி வழி இந்துக்கள், தமிழர், தெலுங்கர், மராத்தியர், முஸ்லிம்கள், சீனர், பிரெஞ்சு வழிவந்த வெள்ளையர் என்று அவரவருக்குத் தனித்தனிச் சங்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே. 1968 மார்ச்சில் சுதந்திரம்; அந்த ஜனவரியில்தான் தலைநகர் போர்ட் லூயிஸில் கிரியோல்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் கயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்ததும் மறுபடி கலவரம்.

ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை மட்டும் வேறு மாதிரி. தெருவே சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுக்கும். சவுக்கு நிழல் முதலில் பாய் விரித்தவருக்கு. அங்கே அந்தஸ்து செல்லாது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கொண்டுவந்ததும் இல்லை. பிரியாணி முஸ்லிம் வீட்டுப் பொறுப்பு, அதுவும் கோழி. அம்மா காத்தோ பிமான் சுட்டு வருவார். உங்கள் பருப்பு வடையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும்போது கிரியோல் மீனவர் ஒருவர், எங்களுக்கெல்லாம் 'தொந்தோன்', அதாவது மாமா, ரவான் பறையின் ஆட்டுத்தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவார். செகா என்ற எங்கள் தீவின் ஆட்டபாட்டம் தொடங்கிவிட்டால், கோயிலில் தேவாரம் பாடும் என் அத்தையும் எழுந்து ஆடுவார். தைப்பூசக் காவடி விரத நாட்களில் எங்கள் பாய்ப் பக்கம் மீன் வராமல் பார்த்துக்கொண்டவரும் அந்த மீனவர்தான்.

இதற்கெல்லாம் மனிதர்களின் நல்ல மனம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கூடுவதற்கு இடம் இருந்தது, அதுதான் முக்கியம். 1807இல் பிரெஞ்சு ஆளுநர் தெக்கேன், தீவைச் சுற்றிக் கடலோரமாக 250 பிரெஞ்சு அடி, அதாவது சுமார் 81 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை ஒதுக்கி, அதை விற்கக்கூடாது என்று ஆணையிட்டார். மக்கள் குளிக்கவா? பிரிட்டிஷார் வந்தால் எதிர்த்து நிற்பதற்கு! அப்படியும் 1810இல் அவர்கள் தீவைப் பிடித்துவிட்டார்கள். ஒதுக்கிய நிலம் மட்டும் அரசிடமே தங்கியது. பீரங்கிக்கு விட்ட மணலில் நாங்கள் பிரியாணி தின்றோம்.

விற்கத்தான் கூடாது, குத்தகைக்கு விடலாம். முதலில் பணக்காரர்களின் ஓய்வு வீடுகள் வந்தன, பிறகு ஹோட்டல்கள். அலை நனைக்கும் மணல் சட்டப்படி பொதுச் சொத்து. ஆனால் சிறுவயதில் ஒரு ஹோட்டல் முன் நடந்துபோனபோது காவலாளி விசில் ஊதி எங்களை விரட்டினார். அவரும் எங்களைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளைதான். இப்போது 'அரேத் கொக்கேன் நு லாப்லாஸ்' என்ற பெயரில் ஓர் இயக்கமே நடக்கிறது. எங்கள் கடற்கரையைத் திருடாதே என்கிறார்கள். தெற்கே பொம்போனெட் கடற்கரைக்காக அவர்கள் போராடியபோது, யார் எந்தச் சங்கத்துக்காரர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேனிலவுக்கு எங்கள் ஊருக்கு வரும் தமிழ்நாட்டுத் தம்பதிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறாவது ஹோட்டலை விட்டு வெளியே வந்து, பொதுக் கடற்கரைக்குப் பஸ் பிடியுங்கள். மிளகாயும் புளியும் தடவிய அன்னாசி விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். பக்கத்துப் பாயிலிருந்து தட்டு நீண்டால் மறுக்காதீர்கள்.