கூடு விட்ட பாறு எங்கே போகிறது?

அவைத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவே வந்திருக்கும் வனத்துறை அதிகாரிகளே, முன்வரிசைக் கால்நடை மருத்துவர்களே (உங்களிடம்தான் இன்று எனக்குக் காரியம்), பேராசிரியப் பெருமக்களே, இல்லாத பெருமையெல்லாம் என் தலையில் ஏற்றிவைத்த வரவேற்புரையாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள்.

கூடு விட்ட பாறுக்கழுகுக் (பிணந்தின்னிக் கழுகுதான்) குஞ்சைப் பின்தொடர்வது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கருவி, பயணம், இரை. அதற்கு முன் என் பழைய பல்லவி: கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்!

கருவி என்பது குஞ்சின் முதுகில் பைபோல மாட்டுவது; பறவை எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் வழியே சொல்லும். வெயிலில் தானே மின்னேற்றிக்கொள்ளும். பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஐந்து கிலோ பாறு என்றால் 150 கிராம்.

இந்தக் கருவியால் ஒரு கழுகு கைதாகியே இருக்கிறது. 2011-ல் சவூதி அரேபியாவில் கிரிஃபன் கழுகு, அதுவும் ஒரு பாறுதான், பிடிபட்டது. முதுகில் கருவி, அடையாளம் ஆர்65, கூடவே டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் பெயர். போதாதா? 'மொசாத் உளவாளி', அதாவது இஸ்ரேல் உளவுத்துறையின் ஆள், என்று ஊரெல்லாம் பேச்சு. செத்த மாட்டைத் தேடிப் போன பறவைக்கு அரசு ரகசியம் எதற்கு? கடைசியில் அந்நாட்டு வனவிலங்குத் துறைப் பொறுப்பிலிருந்த இளவரசர் பந்தர் பின் சவூத் தலையிட்டு, இது ஆய்வுக் கருவிதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதோடு விட்டதா? 2016-ல் லெபனானில் இன்னொரு கழுகைக் கட்டியே வைத்துவிட்டார்கள். ஐ.நா. படையினர் இடையில் புகுந்து திருப்பி அனுப்பினார்கள். எல்லைக்கோடு நமக்குத்தான், அதற்கில்லை.

சரி, பயணம். பால்கன் பகுதியின் மஞ்சள்முகப் பாறுகளில் பெரியவை துருக்கி வழியாகத் தரைமேல் சுற்றி ஆப்பிரிக்கா போகின்றன. துணைக்குப் பெரியவர் இல்லாத குஞ்சுகள் பல நேரே மத்தியதரைக் கடலுக்குள் போய் மூழ்குகின்றன. தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் மிதந்து பழகிய சிறகு, கடல்மேல் எவ்வளவு நேரம் அடிக்கும்? இதைக் கருவிதான் காட்டியது.

ஆனால் நம் பாறுகளுக்குக் கடல் வேண்டாம், ஒரு மாட்டின் சடலம் போதும். டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெடும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக விஷம் இருந்தாலே கூட்டம் அழியும், ஏனென்றால் ஒரு சடலத்தில் பல பாறுகள் பந்தி உட்காரும். இந்தியா 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தது. உடனே மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனது. 2015-ல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023-ல் அதேபோல் பாறுகளைக் கொல்லும் வலிநீக்கிகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைக்குத் தடையாயின. கூடு கட்டிய பாறு கூட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இளசுக்கு அந்தக் கட்டில்லை, எங்கெங்கோ திரியும். ஒரு மாவட்டம் மட்டும் ஒழுங்காக இருந்து என்ன பயன்?

செயற்கைக்கோளில் குஞ்சைத் தேடுகிறோம், மருந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. கூரை, கோழி, வைகுண்டம்... நான் சொல்லவே வேண்டாம், மாணவர்களே முடித்துவிட்டீர்கள்!

இரையைப் பற்றி இதற்கு மேல் பேச நேரமில்லை. மாட்டுக்கு வலிநீக்கியாகப் போடும் மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும் பாறுகளைக் கொல்வதில்லை. அடுத்துப் பேசவிருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, உங்கள் பையில் இப்போது எந்த ஊசி இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குங்கள்.